கால் இங்கிட்டு, கணக்கு அங்கிட்டு: அமெரிக்க வரி வண்டியூர் வரை வந்த கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிற விஷயம் முதலில் கேட்கும்போது வரலாறு மாதிரியே தெரியாது. வெளிநாட்டில் குடியிருக்கிற ஒருத்தர், வருஷக்கணக்கா போடாமல் விட்டுப்போன அமெரிக்க வருமான வரிக் கணக்கை எப்படிப் போட்டு முடிக்கிறார் என்பதுதான் விஷயம். "இது ஆடிட்டர்கிட்ட கேட்க வேண்டியதாச்சே, வரலாறு பேசுற இடத்துல எதுக்கு?"ன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

நான் பேசுவது மதுரை வண்டியூரிலிருந்து. தெப்பக்குளத்தைச் சுற்றி, வைகைக் கரை வரைக்கும் உள்ள தெருக்களில் பிள்ளைகள் நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் இருக்கிற வீடுகள் உண்டு. பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போய், பிள்ளைகள் எடுத்துக்கொடுத்த கிரீன் கார்டோடு ஊர் திரும்பிய பெரியவங்க இருக்காங்க. இருபது வருஷம் அங்கே வேலை பார்த்து, குடியுரிமையும் வாங்கி, அப்பா அம்மாவுக்காகத் திரும்பி வந்தவங்க இருக்காங்க. அங்கே பிறந்து இங்கே பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளைகளும் இருக்காங்க. இந்த மூணு வகைக்கும் என்றைக்காவது ஒரு நாள் ஒரே கேள்வி வந்து நிற்கும். "இங்கிட்டு இருக்கேன், இங்கிட்டு சம்பாதிக்கிறேன், இங்கிட்டு வரி கட்டுறேன். அங்கிட்டு எதுக்குய்யா கணக்கு?"

இதுக்குப் பதில் சொல்ல 1861-க்குப் போகணும். ஒன்றை முன்னாடியே சொல்லிடுறேன். நான் வரி ஆலோசகர் இல்லை. உங்க சொந்தக் கணக்குக்கு, இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்த ஒருவரைப் பாருங்க. இந்தச் சட்டம் எங்கிருந்து கிளம்பியது, ஏன் நம்ம தெரு வரைக்கும் வந்தது, அதில் ஏன் ஒரு கதவு திறந்தது என்பதுதான் என் வேலை.

போருக்காகப் போட்ட வரி

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-ல் தொடங்கியது. படைக்குப் பணம் வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா தன் வரலாற்றில் முதல் வருமான வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. உள்ளூரில் இருப்பவருக்கு 800 டாலருக்கு மேல் உள்ள வருமானத்தில் 3 சதவீதம். வெளிநாட்டில் குடியிருக்கும் குடிமகனுக்கு, அமெரிக்காவில் உள்ள சொத்திலிருந்து வரும் வருமானத்தில் 5 சதவீதம். கவனிச்சீங்களா? ஊரில் இருப்பவனைவிட வெளியே போனவனுக்கு விகிதம் அதிகம்.

அன்றைய மனநிலையை நினைத்துப் பார்த்தால் இது புரியும். ஊரே போரில் நிற்கும்போது, பணக்காரன் ஒருவன் பாரிஸில் போய் உட்கார்ந்துகொண்டு, படைக்கும் போகாமல், வரியும் கட்டாமல், இங்கிருந்து வாடகையும் வட்டியும் வாங்கித் தின்கிறான் என்ற கோபம். 1861-ன் வரி உண்மையில் வசூலாகவில்லை. 1862-லும் 1864-லும் புதுச் சட்டங்கள் வந்தன. 1864-ல் வலை இன்னும் அகலமானது. வெளிநாட்டில் இருக்கும் குடிமகனின் வருமானம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கணக்கில் சேரும் என்றாகிவிட்டது. 1872-ல் அந்த வரியே காலாவதியாகிப்போனது. ஆனால் "ஆள் எங்கே இருந்தாலும் குடிமகன் குடிமகன்தான்" என்ற எண்ணம் போகவில்லை. 1894-ல் வருமான வரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதே எண்ணமும் கூடவே வந்தது. அந்தச் சட்டத்தை அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு 1913-ல் அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் நிறைவேறி, இன்று வரை தொடரும் வருமான வரி வந்தது. அதிலும் அதே எண்ணம்.

மெக்சிகோவில் இருந்த குக்

"இது நியாயமா?" என்று நீதிமன்றத்தில் கேட்டவர் ஜார்ஜ் குக் என்ற அமெரிக்கர். அவர் நிரந்தரமாகக் குடியிருந்தது மெக்சிகோ சிட்டியில். வருமானம் தந்த சொத்தும் மெக்சிகோவில். 1921-ம் ஆண்டு வருமானத்துக்கு 1,193 டாலர் சொச்சம் வரி போட்டார்கள். முதல் தவணையை எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். 1924 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அரசு என்பது தன் குடிமகனுக்கு அவன் எங்கே இருந்தாலும் பயன் தருவது, ஆகவே அவன் எங்கே இருந்தாலும் வரி கேட்கும் அதிகாரமும் அதற்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். குக் எதிர் டெய்ட் என்ற அந்தத் தீர்ப்பு நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது.

உலகத்தில் பெரும்பாலான நாடுகள் இப்படிச் செய்வதில்லை. ஆள் எங்கே குடியிருக்கிறாரோ அந்த நாடு வரி கேட்கும், அவ்வளவுதான். இந்தியாவும் அடிப்படையில் அப்படித்தான்: வருஷத்தில் எத்தனை நாள் இங்கே இருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பிலிப்பைன்ஸ் ரொம்ப காலம் வெளிநாட்டுக் குடிமக்களிடம் வரி வாங்கியது, 1997-ல் இயற்றிய சட்டத்தோடு விட்டுவிட்டது. எரித்திரியா வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் 2 சதவீதம் கேட்கிறது. பெரிய நாடுகளில் இந்த வழக்கத்தை விடாமல் பிடித்திருப்பது அமெரிக்கா ஒன்றுதான்.

அன்றைக்கு மதுரையில் இருந்தவர்கள்

அமெரிக்கக் குடிமக்கள் மதுரையில் இருப்பது இன்று நேற்றுச் சங்கதி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தது 1834-ல். அவர்கள் 1881-ல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் பின்னால் கோரிப்பாளையத்துக்கு வந்து இன்றும் அமெரிக்கன் கல்லூரி என்ற பேரோடு நிற்கிறது. வண்டியூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்.

1913-ன் சட்டம் எழுத்துப்படி பார்த்தால் அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திய அமெரிக்கர்களையும் தொட்டது. நடைமுறையில் சாதாரண ஆளைத் தொடவில்லை. தனி ஆளுக்கு 3,000 டாலர், மணமானவருக்கு 4,000 டாலர் வரை வருமானத்துக்கு வரி கிடையாது. அன்றைக்கு அது பெரிய தொகை. அமெரிக்காவுக்குள்ளேயே வரி கட்டியவர்கள் வெகு சிலர். அப்புறம் 1926-ல் இன்னொரு சலுகை: ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர் அங்கே உழைத்துச் சம்பாதித்ததற்கு வரி இல்லை. அமெரிக்க வியாபாரம் வெளிநாட்டில் வளர வேண்டும் என்பதற்காகக் கொடுத்தது. 1962-ல் அதற்கு உச்சவரம்பு வைத்தார்கள். இன்றும் அந்தச் சலுகை உண்டு, 2024-ம் ஆண்டுக்கு 1,26,500 டாலர் வரை.

ஆக, சட்டம் எல்லாரையும் பிடித்தது. விலக்கு பெரும்பாலானவர்களை விட்டுவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் சாதாரண அமெரிக்கர் பல பேருக்கு "நாம கணக்கே போட வேண்டாம் போல" என்ற எண்ணம் தங்கிப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த உழைப்புச் சலுகை, கணக்குத் தாக்கல் செய்து அதில் கேட்டால்தான் கிடைக்கும். வரி பூஜ்யம் என்பதும், கணக்குப் போட வேண்டாம் என்பதும் வேற வேற. நம்ம கதையில் வருகிற சிக்கல் பாதி இந்த இடத்தில்தான் பிறந்தது.

குடிமகனோடு நிற்கவில்லை

அடுத்த திருப்பம் 1984-ல். அந்த ஆண்டின் வரிச் சட்டம், கிரீன் கார்டு வைத்திருப்பவரும் வரி விஷயத்தில் அமெரிக்காவில் குடியிருப்பவர்தான் என்று எழுதியது. 1985 முதல் நடைமுறை. கார்டை முறைப்படி திருப்பிக் கொடுக்கும் வரை, அல்லது அரசு அதை ரத்து செய்யும் வரை, அந்த நிலை தொடரும்.

இது நம்ம ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாத சங்கதி. கார்டின் மேல் அச்சிட்ட தேதி முடிந்துபோனால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பாங்க. பீரோவில் பழைய பாஸ்போர்ட்டோடு அந்த அட்டையும் கிடக்கும். குடியேற்றச் சட்டம் "இவ்வளவு நாள் வெளியே இருந்துட்டீங்க, திரும்ப உள்ளே விடுறது சந்தேகம்" என்று சொல்லலாம். வரிச் சட்டம் "ஐ-407 படிவத்தில் எழுதிக் கொடுத்தீங்களா?" என்றுதான் கேட்கும். இந்தியாவும் அமெரிக்காவும் 1989-ல் கையெழுத்திட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில், கிரீன் கார்டுக்காரர் தன்னை இந்தியாவில் குடியிருப்பவராகக் காட்ட ஒரு வழி இருக்கிறது. அதையும் படிவம் போட்டுத்தான் கேட்கணும். அப்படிக் கேட்பது கார்டையே பாதிக்கலாம் என்பதால் யோசித்துச் செய்ய வேண்டியது. குடிமகனுக்கு அந்த வழியும் இல்லை. தன் குடிமக்களுக்கு வரி போடும் உரிமையை அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலேயே தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டது.

வங்கிக் கணக்குக்கு ஒரு தனி அறிக்கை

இதுவரை சொன்னது வருமான வரி. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கடமை 1970-ல் பிறந்தது. சுவிஸ் வங்கிகளில் கறுப்புப் பணத்தையும் குற்றக் கும்பல்களின் பணத்தையும் பதுக்குகிறார்கள் என்ற கவலையில், வங்கி ரகசியச் சட்டம் என்ற ஒன்றை அமெரிக்கா கொண்டுவந்தது. பேர் அப்படி இருந்தாலும் ரகசியத்தை உடைப்பதற்கான சட்டம் அது. அதன்படி, வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள பணம் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் ஓர் அறிக்கை கொடுக்கணும். எஃப்பார் என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். அது வரிக் கணக்கு கிடையாது. போவதும் வரித்துறைக்கு இல்லை, கருவூலத் துறையின் வேறொரு பிரிவுக்கு. அதில் ஒரு பைசா வரியும் கிடையாது. வெறும் தகவல்.

அந்த 10,000 டாலர் பல பத்தாண்டுகளாக மாறவே இல்லை. இன்றைய கணக்கில் எட்டு, ஒன்பது லட்சம் ரூபாய். வண்டியூரில் ஒரு சின்ன மனையை விற்று ஃபிக்சட் டெபாசிட் போட்டாலே தாண்டிவிடும். சுவிஸ் வங்கிப் பணக்காரனுக்கு வெட்டிய குழியில் பென்ஷன்காரர் கால் வைக்கிற மாதிரி ஆகிப்போச்சு.

இதுவும் ரொம்ப காலம் தூங்கியது. 2004-ல் ஒரு திருத்தம் வந்தது: வேண்டுமென்றே செய்யாமல் விட்டுப்போனாலும் 10,000 டாலர் வரை அபராதம், வேண்டுமென்றே மறைத்தால் 1,00,000 டாலர் அல்லது கணக்கில் இருந்ததில் பாதி, எது அதிகமோ அதுவரை. பிறகு 2009-ல் சுவிஸ் வங்கியான யுபிஎஸ், அமெரிக்கர்களின் வரி ஏய்ப்புக்கு உதவியதாக ஒப்புக்கொண்டு 78 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. வாடிக்கையாளர் விவரங்களையும் கொடுத்தது. 2011 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் இன்னொரு மனுப் போட்டது. இந்த முறை குறி, எச்எஸ்பிசியின் இந்தியக் கிளைகளில் கணக்கு வைத்திருந்த அமெரிக்கவாசிகள். சுவிட்சர்லாந்தில் ஆரம்பித்தது இரண்டே வருஷத்தில் இந்தியாவுக்கு வந்துவிட்டது.

வங்கி நீட்டிய படிவம்

நம்ம ஊரில் இது வாசலுக்கு வந்தது 2015-ல். அமெரிக்கா 2010-ல் ஃபேட்கா என்ற சட்டத்தை இயற்றியிருந்தது. உலகத்தில் உள்ள வங்கிகள் தங்களிடம் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்க வரிதாரர்களின் விவரத்தைக் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் அந்த வங்கிக்கு அமெரிக்காவிலிருந்து வரும் வருமானத்தில் 30 சதவீதம் பிடிக்கப்படும். 2015 ஜூலை 9-ம் தேதி டெல்லியில் இந்தியா இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வங்கிகள் விவரத்தை நம்ம வருமான வரித்துறைக்குக் கொடுக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகும். 2014 ஜூலைக்கும் 2015 ஆகஸ்டுக்கும் இடையில் கணக்குத் தொடங்கியவர்கள் சுய உறுதிமொழி தரணும், 2017 ஏப்ரல் 30-க்குள் தராவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது ஞாபகம் இருக்கும். "நீங்கள் இந்தியா தவிர வேறு நாட்டில் வரி செலுத்தக் கடமைப்பட்டவரா?" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு யோசித்து நின்ற பெரியவர்கள் எத்தனையோ பேர். சில மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்கள் அமெரிக்காவோடு தொடர்புள்ளவர்களின் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

அதுவரை "தெரியாது" என்று இருந்தவருக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு என்ன செய்வது? இதுதான் இன்றைய நிகழ்ச்சியின் நடு விஷயம்.

ஒரே வாசலில் எல்லாரும்

யுபிஎஸ் விவகாரத்தின் சூட்டில், 2009-ல் அமெரிக்க வரித்துறை, அதாவது ஐஆர்எஸ், ஒரு திட்டம் அறிவித்தது. தாமாக வந்து சொல்லுங்கள், வழக்குப் போட மாட்டோம், பழைய வரியையும் வட்டியையும் கட்டுங்கள், கணக்கில் இருந்த அதிகபட்சத் தொகையில் 20 சதவீதம் அபராதம் கட்டுங்கள் என்றது. 2011-ல் அது 25 ஆனது, 2012-ல் 27.5 ஆனது. சிறு கணக்குகளுக்கும் சில வெளிநாட்டுவாசிகளுக்கும் குறைந்த விகிதம் இருந்தது. ஆனாலும் திட்டத்தின் வடிவமே, ஒளித்து வைத்தவனை மனதில் வைத்துச் செய்தது. கோடிகளை மறைத்தவரும், அப்பா காலத்துச் சேமிப்புக் கணக்கை மறந்தவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அப்போது வரிசெலுத்துவோரின் குறைகளைக் கேட்கும் தேசிய அதிகாரியாக இருந்த நீனா ஓல்சன், தெரியாமல் விட்டவர்களையும் திட்டமிட்டு ஏமாற்றியவர்களையும் ஒன்றாகப் பார்க்கிறீர்கள் என்று தன் அறிக்கைகளில் தொடர்ந்து எழுதினார். சிறு கணக்குக்காரர் கட்டும் அபராதம், அவர் விட்ட வரியைப்போலப் பல மடங்கு ஆகிறது என்று காட்டினார்.

அதற்குப் பலன் கிடைத்தது. 2012 செப்டம்பரில், வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கென்று ஓர் எளிய வழி திறந்தது. ஆண்டுக்கு 1,500 டாலருக்குள் வரி பாக்கி உள்ளவர்களுக்கு மட்டும் என்று குறுகலாக இருந்தது. 2014 ஜூன் 18-ம் தேதி அந்த வரம்பை எடுத்துவிட்டு வாசலை அகலமாக்கினார்கள். ஸ்ட்ரீம்லைண்ட் முறை என்று சொல்வது இதைத்தான். பழைய கடுமையான திட்டத்தை 2018 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். இந்த எளிய முறை நின்றது.

அது கேட்பது மூன்று. ஒன்று, கெடு முடிந்த கடைசி மூன்று வருஷத்து வரிக் கணக்கு. இரண்டு, கடைசி ஆறு வருஷத்து எஃப்பார். மூன்று, 14653 என்ற படிவம். வெளிநாட்டில் வாழ்ந்தவர் என்று காட்ட, அந்த மூன்று வருஷத்தில் ஒன்றிலாவது அமெரிக்காவுக்கு வெளியே 330 முழு நாள் இருந்திருக்கணும், அங்கே வீடு வாசல் இருக்கக் கூடாது. வரி பாக்கி வந்தால் வட்டியோடு கட்டணும். அபராதம் கிடையாது. இன்னொரு சின்ன விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒவ்வொரு கணக்கின் முதல் பக்கத்து உச்சியிலும் இந்த முறையின் பேரைச் சிவப்பு மையில் எழுதச் சொல்கிறது விதி.

ஒரு பக்கத்து வாக்குமூலம்

அந்த 14653 படிவத்தில் ஓர் இடம் இருக்கு. ஏன் வருமானத்தைக் காட்டவில்லை, ஏன் கணக்குப் போடவில்லை, ஏன் எஃப்பார் கொடுக்கவில்லை என்று உங்க சொந்தக் கதையை எழுதணும். நல்லது கெட்டது இரண்டையும் எழுதணும். பொய்யானால் தண்டனை என்ற உறுதிமொழியோடு கையெழுத்துப் போடணும். அந்தக் கதை இல்லாவிட்டால் மற்ற காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். வேண்டுமென்றே செய்யவில்லை என்பதற்கு அவர்கள் தரும் விளக்கத்தில் கவனக்குறைவு, தவறுதல், சட்டத்தை நல்லெண்ணத்தோடு தப்பாகப் புரிந்துகொண்டது எல்லாம் அடங்கும்.

இதைத்தான் நான் முக்கியமான திருப்பமாகப் பார்க்கிறேன். 1861-லிருந்து அந்தச் சட்டம் கேட்ட கேள்வி "நீ எந்த நாட்டு ஆள்?" என்பது மட்டும்தான். பாரிஸில் ஒளிந்தவனும் பசுமலையில் பாடம் நடத்தியவரும் அதற்கு ஒன்று. நூற்றைம்பது வருஷம் கழித்து, "உன் மனசுல என்ன இருந்துச்சு?" என்று கேட்க அதே அரசு ஒரு காகிதத்தில் இடம் விட்டது. மறந்தவனுக்கும் மறைத்தவனுக்கும் நடுவில் உள்ள கோட்டை முதலில் போட வேண்டியது எழுதுகிறவர்தான்.

அதனால்தான் யாரோ எழுதிக்கொடுத்த ஒரே மாதிரிப் பத்தியை எல்லாரும் ஒட்டுவது ஆபத்து. எந்த வருஷம் போனீங்க, எந்த வருஷம் திரும்பினீங்க, கணக்கு எதுக்குத் தொடங்கினீங்க, யார் என்ன சொன்னாங்க, எப்போ தெரிய வந்துச்சு, தெரிஞ்ச பிறகு என்ன செஞ்சீங்க. இவ்வளவும் தேதியோடு வரணும். மறைத்தே வைத்திருந்தவருக்கு இந்த வழி பொருந்தாது. அவர் வழக்கறிஞரிடம் போகணும்.

இரண்டு வீடுகள்

கற்பனையாக இரண்டு வீடுகளை எடுத்துக்குவோம்.

முதல் வீடு, கடையை மூடி ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவர், அவர் மனைவி. இரண்டு பேரிடமும் கிரீன் கார்டு. வருமானம் என்பது பெரியவர் பேரில் மூன்று டெபாசிட்டாகப் போட்ட 60 லட்சத்தின் வட்டி மட்டும். 7 சதவீதம் என்றால் வருஷம் 4.2 லட்சம், ஏறக்குறைய 5,000 டாலர். 2024-ல் தம்பதிக்கு அமெரிக்காவில் கிடைக்கும் நிலையான கழிவே 29,200 டாலர். ஆக வரி பூஜ்யம். அந்த வருமானத்துக்கு வரிக் கணக்கே போட வேண்டியதில்லை. ஆனால் 60 லட்சம் 10,000 டாலரைத் தாண்டுகிறது, எஃப்பார் கட்டாயம். ஆறு வருஷம் கொடுக்கவில்லை. கணக்குக்கு ஒரு அபராதம் என்று உச்சவரம்பில் போட்டால் மூன்று கணக்கு, ஆறு வருஷம், 1,80,000 டாலர். ஒன்றரைக் கோடி ரூபாய். இருப்பதே 60 லட்சம்!

எல்லாருக்கும் அப்படிப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போட முடியும் என்பதுதான் 2023 வரை ஐஆர்எஸ் சொன்ன வாதம். ருமேனியாவில் பிறந்து, அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, சொந்த ஊருக்கே திரும்பிப்போய் வியாபாரம் செய்த அலெக்சாண்ட்ரு பிட்னர் என்பவருக்கு, ஐந்து வருஷத்துக்கு 272 கணக்கு என்று எண்ணி 27.2 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். 2023 பிப்ரவரி 28-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அபராதம் அறிக்கைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று இல்லை என்று சொன்னது. அவருடைய அபராதம் 50,000 டாலராக இறங்கியது. அதே தீர்ப்பால் நம்ம பெரியவரின் உச்சவரம்பும் மூன்றில் ஒரு பங்காகிறது. வரி பாக்கி எதுவும் இல்லாமல் எஃப்பார் மட்டும் விட்டுப்போனவர்கள், ஐஆர்எஸ் கேட்பதற்கு முன்னால் காரணத்தோடு தாங்களே கொடுத்தால் அபராதம் இல்லை என்று தனியாக ஒரு வழியும் இருக்கு. அவருக்குப் பொருத்தம் அதுதான்.

இரண்டாவது வீடு, அமெரிக்கக் குடியுரிமையோடு திரும்பி, இலந்தைக்குளம் எல்காட் பூங்காவில் வேலை பார்க்கும் ஒரு பெண். இங்கே வருமான வரி ஒழுங்காகக் கட்டுகிறார். எட்டு வருஷமாக அங்கே கணக்குப் போடவில்லை. இவர் ஸ்ட்ரீம்லைண்ட் வழியில் மூன்று கணக்கும் ஆறு எஃப்பாரும் போட்டால் போதும், எட்டு வருஷத்தையும் தோண்ட வேண்டாம். சம்பளத்துக்கு உழைப்புச் சலுகையோ, இங்கே கட்டிய வரிக்கான கழிவோ கிடைக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கு. நம்ம வருஷம் ஏப்ரல் முதல் மார்ச், அவர்களுடையது ஜனவரி முதல் டிசம்பர். எல்லாவற்றையும் பிரித்துச் சேர்க்கணும். பிபிஎஃப் வட்டிக்கு இங்கே வரி இல்லை, அங்கே விலக்கு இல்லை. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை 1986-ல் வந்த ஒரு கடுமையான விதி பிடிக்கிறது. நிலம் விற்றால், நாம் பார்க்கும் 2001-ம் ஆண்டு மதிப்பு அங்கே எடுபடாது. வாங்கிய நாளின் விலையை அன்றைய டாலர் மதிப்பில் பார்ப்பாங்க. அப்பா இறந்து வந்த சொத்து என்றால் அவர் இறந்த நாளின் மதிப்பு. ஆகவே பத்திரம், இறப்புச் சான்று, பழைய பாஸ் புத்தகம், இவற்றை எடுத்து வைப்பதுதான் முதல் வேலை.

"பேசாம விட்டா என்ன?"

இந்தக் கேள்வி எனக்கு நேரிலேயே வரும். "தம்பி, நாங்க ஒருத்தர் காசை ஒரு ரூபா தொட்டதில்லை. வயசும் ஆச்சு. யார் வந்து கேட்கப்போறா?" நியாயமான கேள்விதான். ஐயாமாருக்கு நான் சொல்கிற பதில் இரண்டு.

ஒன்று, இந்த எளிய வழி ஐஆர்எஸ் உங்களைத் தேடி வரும் வரைக்கும்தான். அவர்கள் விசாரணை தொடங்கிவிட்டால் கதவு சாத்திவிடும். 2015-லிருந்து வங்கித் தகவல் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கதவை எப்போது வேண்டுமானாலும் மூடுவோம் என்றும் சொல்லித்தான் திறந்தார்கள். இரண்டாவது, கார்டையோ குடியுரிமையையோ திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ள நினைத்தால், குடிமக்களும் நெடுங்காலம் கார்டு வைத்திருந்தவர்களும் கடைசி ஐந்து வருஷ வரிக் கடமையை நிறைவேற்றியதாக உறுதி சொல்லணும். சொல்ல முடியாவிட்டால், சொத்து கொஞ்சமாக இருந்தாலும் வெளியேறும் வரிச் சட்டத்துக்குள் வந்துவிடுவீங்க.

ஒரு பழைய கணக்கையும் இங்கே சொல்லியாகணும். நாமும் இதே கேள்வியை மற்றவர்களிடம் கேட்கிற நாடுதான். 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி, இந்தியாவில் முழுக் குடியிருப்பாளர் ஆகிவிட்டவர் தன் வெளிநாட்டுச் சொத்தைக் கணக்கில் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம். அமெரிக்காவில் விட்டுவந்த ஓய்வூதியக் கணக்கும் அதில் சேரும். சிறு தொகைகளுக்கு 2024 பட்ஜெட்டில் தளர்வு தந்தார்கள், 20 லட்சம் வரையிலான அசையும் சொத்துக்கு. அங்கே நடந்த அதே விவாதம்தான் இங்கேயும்: பதுக்கியவனுக்குப் போட்ட சட்டத்தில் மறந்தவன் மாட்டக் கூடாது.

தேதி ஞாபகம் வைக்க நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு சுலபம் உண்டு. சித்திரை ஒன்றை ஒட்டி, ஏப்ரல் 15 அமெரிக்கக் கெடு. வெளிநாட்டில் இருப்பவருக்கு ஜூன் 15 வரை தானாகவே நீட்டிப்பு. எஃப்பாருக்கு அக்டோபர் 15 வரை. விட்டுப்போன வருஷங்களுக்குத்தான் இன்றைக்குப் பேசிய வழி. பீரோவைத் திறந்து அந்த அட்டை இருக்கா, அதில் என்ன வருஷம் போட்டிருக்கு, அந்த வருஷத்திலிருந்து எந்தெந்த வங்கியில் என்ன இருந்தது என்று ஒரு வெள்ளைத் தாளில் தேதி வாரியாகத் தமிழிலேயே எழுதுங்க. ஆலோசகரைப் பார்க்கும்போது அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.